ஒரே அறையில் மூச்சும் நெருப்பும்

1921இல் இங்கிலாந்தின் ஆஸ்டின் கார் கம்பெனி கடனில் மூழ்கி ரிசீவரின் பொறுப்புக்குப் போயிருந்தது. அந்த நேரத்தில் சின்னஞ்சிறு கார் ஒன்று செய்யலாம் என்று நிறுவனர் ஹெர்பர்ட் ஆஸ்டின் சொன்னதை இயக்குநர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பெனியில் வரைபடம் போடும் வேலையில் இருந்த ஸ்டான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயது இளைஞரை அவர் தன் வீட்டுக்கே வரவழைத்தார். அந்த வீட்டின் பில்லியர்ட்ஸ் அறையில் உருவான கார்தான் 1922இல் வெளிவந்த ஆஸ்டின் செவன். 1939 வரை ஏறக்குறைய 2,90,000 கார்கள் விற்றன.

அதன் எஞ்சின் முதலில் 696 சிசி, சீக்கிரமே 747 சிசி. நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 56 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 2400 சுற்றில் அது தந்த சக்தி 10 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். இந்த எஞ்சினிலிருந்து இன்னும் கொஞ்சம் கறக்க முடியாதா என்று தேடியவர்களின் வரிசை மிக நீளம். லோட்டஸ் கார்களை உருவாக்கிய கோலின் சாப்மன் தன் முதல் காரை ஒரு பழைய ஆஸ்டின் செவனைக் கொண்டுதான் கட்டினார். நியூசிலாந்தின் ஆக்லாந்தில், பதின்வயது புரூஸ் மெக்லாரன் பந்தயம் பழகியதும் ஆஸ்டின் செவனின் அல்ஸ்டர் என்ற பந்தய மாடலில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தக் கார் சல்லிசாகக் கிடைத்தது. பணமில்லாத இளைஞர்களுக்கு அதுவே பட்டறை, அதுவே பள்ளிக்கூடம்.

அவர்கள் எதைத் தேடினார்கள் என்று புரிய, ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் சாலைகளில் ஓடும் 100 சிசி மோட்டார் சைக்கிள் ஏறக்குறைய 8 குதிரைத்திறன் தருகிறது. ஏழரை மடங்கு பெரிய ஆஸ்டின் எஞ்சினோ 10தான் தந்தது. சிசிக்குச் சிசி ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 6 மடங்கு வித்தியாசம். இந்த ஆறு எங்கிருந்து வருகிறது? மோட்டார் சைக்கிள் 8000 சுற்றில் அந்தச் சக்தியைத் தருகிறது, ஆஸ்டின் 2400 சுற்றில். அதிலேயே 3.3 மடங்கு போய்விட்டது. மிச்சம் சுமார் 1.75 மடங்குதான் ஒவ்வொரு வெடிப்பின் வலிமையில் உள்ள வேறுபாடு. ஆகவே சக்தியைக் கூட்ட வழிகள் இரண்டே. ஒவ்வொரு வெடிப்பையும் வலுவாக்கலாம். அல்லது ஒரு நிமிடத்தில் நடக்கும் வெடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். விற்பனைக்கு வரும் எந்த மேம்பாட்டுச் சாமானும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும். எதைச் செய்கிறது என்று சொல்ல முடியாத சாமானை வாங்காமல் இருப்பது நல்லது.

இனி அந்த எஞ்சினின் உள்ளமைப்பு. இன்றைய எஞ்சின்களில் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே, ஹெட்டில் இருக்கின்றன. ஃபிளாட்ஹெட் அல்லது சைடு வால்வு எனப்படும் பழைய வகையில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்குக்குள்ளேயே தலை மேலாக நிற்கும். மேலே உள்ள ஹெட் வெறும் மூடி. செய்வது எளிது, கழற்றுவது எளிது, வால்வு சிக்கிக்கொண்டாலும் பிஸ்டனில் இடிக்காது. ஆனால் வால்வுகளுக்கு மேலே ஓர் இடம் வேண்டும். அந்த இடத்திலிருந்து பக்கவாட்டில் சிலிண்டருக்குப் போக வழி வேண்டும். எரிபொருள் கலந்த காற்று பிளாக்கின் துளை வழியாகக் கிடைமட்டமாக வந்து, மேல்நோக்கித் திரும்பி வால்வைத் தாண்டி, மறுபடி பக்கவாட்டில் திரும்பி, பிளாக்கின் விளிம்பைக் கடந்து, கீழ்நோக்கி மடங்கி சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் ஓட்டம் கொஞ்சம் குலைகிறது.

இந்த எஞ்சினின் மூலச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மூச்சு போகும் அறையும் நெருப்பு எரியும் அறையும் ஒன்றே. மூச்சுக்கு அந்த அறை தாராளமாக இருக்க வேண்டும். நெருப்புக்கு அது சிறிதாக, ஒடுங்கி இருக்க வேண்டும். ஃபிளாட்ஹெட்டை மேம்படுத்தும் கலை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தைக் கண்டுபிடிப்பதுதான் என்பது என் கருத்து. அதை மறந்துவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தவர்கள் பணத்தையும் செலவழித்து, முன்பிருந்த இழுவையையும் இழந்திருக்கிறார்கள்.

நெருப்பிலிருந்து தொடங்குவோம். பிஸ்டன் மேலே வரும்போது கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதுதான் அழுத்த விகிதம். அது கூடக் கூட, எரிந்த வெப்பத்தில் அதிகப் பங்கு வேலையாக மாறும். வெப்ப இயக்கவியலின் இலட்சியக் கணக்குப்படி, விகிதம் 5 என்றால் வெப்பத்தில் 47.5 சதவீதம் வேலையாகலாம், 6.5 என்றால் 52.7 சதவீதம். நிஜ எஞ்சினில் இரண்டுமே மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம், அதாவது சுமார் 11 சதவீத லாபம், பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். ஆரம்பகால ஆஸ்டின் செவனின் விகிதம் ஏறக்குறைய 5. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 187 சிசி என்பதால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 47 சிசி. அதை 34 சிசியாகக் குறைத்தால் விகிதம் 6.5 ஆகிவிடும்.

அந்தக் காலத்தில் ஏன் அப்படிச் செய்யவில்லை? நாக்கிங்தான் காரணம். பழைய சைடு வால்வு அறை தட்டையான, அகலமான பெட்டி. ஸ்பார்க் பிளக்கிலிருந்து கிளம்பும் தீ அறையின் மறுகோடிக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். 80 மில்லிமீட்டர் தூரத்தை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கடக்கிறது என்று வைத்துக்கொண்டால் 4 மில்லிநொடி. 2400 சுற்றில் அதற்குள், பிஸ்டனால் சுழலும் கிராங்க் தண்டு 58 டிகிரி திரும்பிவிடும். அதுவரை மறுகோடியில் காத்திருக்கும் கலவை, எரிந்து விரியும் வாயுவால் நசுக்கப்பட்டுச் சூடேறி, தீ வந்து தொடுவதற்கு முன்பே தானாக வெடித்துவிடும். பிஸ்டன் தலையைச் சுத்தியலால் அடிப்பதுபோல் கேட்கும் அந்தச் சத்தம் நீடித்தால் பிஸ்டனே ஓட்டையாகும்.

இதை அவிழ்த்தவர் ஆங்கிலப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ. 1919ஐ ஒட்டி அவர் வடிவமைத்த ஹெட், என் பார்வையில், சைடு வால்வு எஞ்சினுக்கு மறுபிறவி கொடுத்தது. பிஸ்டனுக்கு மேலே உள்ள கூரையை அவர் மிகவும் கீழே இறக்கினார். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இடையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சந்துதான் மிஞ்சும். எரியும் இடம் முழுவதையும் வால்வுகளுக்கு மேலே குவித்து, பிளக்கை அந்தக் குவியலுக்குள் கொண்டுவந்தார். இதனால் இரண்டு நன்மைகள் ஒன்றாக வந்தன. சந்து மூடும்போது அதிலிருந்த கலவை பீறிட்டு வால்வுப் பக்கம் பாய்கிறது. அந்தச் சுழிப்பில் தீ பல மடங்கு வேகமாகப் பரவுகிறது. சந்தில் மிஞ்சிய மெல்லிய கலவையோ இருபுறமும் உலோகம் இருப்பதால் குளிர்ந்து கிடக்கிறது. தானாக வெடிக்கும் அளவுக்கு அது சூடாவதில்லை.

ஆகவே பழைய ஹெட்டைக் கையில் எடுத்தவுடன், லேத்திலோ மில்லிங்கிலோ போட்டு அடிப்பரப்பை மொத்தமாகச் சீவிவிடலாம் என்று தோன்றும் எண்ணத்தை அடக்க வேண்டும். அறையின் பரப்பு 35 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், 1 மில்லிமீட்டர் சீவினால் 3.5 சிசி குறையும். நமக்கு வேண்டிய 13 சிசிக்குக் கிட்டத்தட்ட 3.7 மில்லிமீட்டர் சீவ வேண்டும். வால்வுப் பக்கத்திலிருந்து சிலிண்டருக்குக் காற்று போகும் வழி 50 மில்லிமீட்டர் அகலமும் 8 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது என்று கொள்வோம். சீவிய பிறகு உயரம் 4.3தான். வழி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. மெதுவாகப் போகும்போது எஞ்சின் முன்னைவிட நன்றாக இழுக்கும். வேகம் எடுத்தால் மூச்சு முட்டும். திறக்கும் வால்வின் தலை கூரையில் போய் இடிக்கவும் கூடும். குழந்தைகள் பொம்மை செய்யும் களிமண்ணை வால்வின் மேல் வைத்து, ஹெட்டை மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றிப் பார்த்தால் எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும்.

சரியான வழி, கூரையைத் தேர்ந்தெடுத்து இறக்குவது. பிஸ்டனுக்கு மேலே, வால்வுகளிலிருந்து தள்ளியுள்ள பகுதியில் கூரை எவ்வளவு தாழ்ந்தாலும் காற்றுக்கு நஷ்டமில்லை. காற்று உள்ளே வரும் நேரத்தில் பிஸ்டன் கீழே போய்விடுகிறது. வால்வுகளுக்குப் பின்புறச் சுவர்ப் பக்கம் வீணாகக் கிடக்கும் மூலைகளையும் நிரப்பிவிடலாம். வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள கழுத்துப் பகுதியை மட்டும் தொடக் கூடாது. போருக்குப் பின் ஆஸ்டின் செவனுக்கு விற்பனைக்கு வந்த அலுமினிய ஹெட்டுகளில் நல்லவை இந்த வடிவத்தைத்தான் பின்பற்றின. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் சூடான மூலைகள் குறைந்து, விகிதத்தை இன்னும் சற்று ஏற்ற முடிந்தது.

இன்று இதைச் செய்பவருக்குச் செலவில்லாத ஓர் உதவியும் உண்டு. 1920களின் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறனின் அளவு, ஐம்பது, அறுபதுக்குள்தான். இன்று பங்கில் கிடைப்பது 91க்குக் குறையாது. ஆஸ்டின் காலத்துப் பொறியாளர்கள் நாக்கிங்குக்குப் பயந்து விட்டுவைத்த இடம் முழுவதும் இப்போது நமக்குத் திறந்திருக்கிறது.

மூச்சுக்கு வருவோம். இதுதான் கடினமான பாதி. வால்வு எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும் என்பதற்கு வடிவியல் ஓர் எல்லை வைத்திருக்கிறது. வால்வின் விளிம்பைச் சுற்றிக் காற்று நுழையும் வளையப் பரப்பு, துளையின் பரப்புக்குச் சமமாவது விட்டத்தில் கால் பங்கு எழும்பும்போது. 25 மில்லிமீட்டர் வால்வுக்கு அது 6.25 மில்லிமீட்டர். ஃபிளாட்ஹெட்டில் வால்வின் ஒரு பக்கம் அறைச் சுவரை ஒட்டி நிற்பதால் அந்தப் பக்கம் காற்று சரியாக நுழையாது. எனவே சுவரைச் சற்றுப் பின்னுக்கு அரைத்துவிடுவதும், வால்வு உட்காரும் இடத்துக்குக் கீழே வார்ப்பில் தங்கிய மேடுகளை அகற்றி வளைவை வழவழப்பாக்குவதும் பலன் தரும். பளபளப்புக்காக மணிக்கணக்கில் தேய்ப்பது வீண். திருப்பத்தின் வடிவம்தான் காற்றுக்கு முக்கியம்.

வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள பிளாக் விளிம்பைச் சரிவாக அரைத்துவிடும் பழக்கமும் உண்டு. காற்றுக்கு அது உதவும், ஆனால் இடம் கூடும். 34 சிசி அறையில் 2 சிசி சேர்ந்தாலே விகிதம் 6.5லிருந்து 6.2க்கு இறங்கிவிடும். மூச்சுக்குக் கொடுத்ததை நெருப்பிடமிருந்து எடுத்துக்கொண்டோம். வேகமாகச் சுழலும் பந்தய எஞ்சினுக்கு இது லாபமாக இருக்கலாம். சாலையில் ஓடும் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆஸ்டின் செவனுக்கென்றே ஒரு தனி இடைஞ்சலும் இருந்தது. நான்கு சிலிண்டர்களுக்கும் காற்று உள்ளே வர பிளாக்கில் இரண்டே துளைகள். ஒன்றாம், இரண்டாம் சிலிண்டர்களுக்கு ஒன்று; மூன்றுக்கும் நான்குக்கும் மற்றொன்று. வெடிப்பு வரிசை 1-3-4-2. அதாவது இரண்டாம் சிலிண்டர் உறிஞ்சி முடித்த கையோடு ஒன்றாம் சிலிண்டர் அதே துளையிலிருந்து உறிஞ்சத் தொடங்கும். வேகத்தில் ஓடிவரும் காற்றின் உந்துதலைப் பயன்படுத்திக்கொள்ள, பிஸ்டன் அடித்தளத்தைத் தாண்டி மேலேறத் தொடங்கிய பிறகும் வால்வைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பது வழக்கம். இங்கே அந்தக் கடைசி மடக்குக் காற்றை அடுத்த சிலிண்டர் பறித்துக்கொண்டுவிடும். அதனால்தான் வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம் ஷாஃப்டை மட்டும் வாங்கி மாட்டியவர்களுக்கு எதிர்பார்த்த பலன் வரவில்லை. பெரிய கார்புரேட்டரும் அப்படித்தான். நெருக்கடி உள்ளே இருக்கும்போது வாசலை அகலப்படுத்தி என்ன பயன்? காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோல் சரியாகத் தூளாகாமல், பிக்கப் கெட்டதுதான் மிச்சம்.

1951இல் 750 மோட்டார் கிளப்பின் பந்தயங்களுக்காகச் சாப்மன் கட்டிய லோட்டஸ் மார்க் 3 இந்த முடிச்சில்தான் கை வைத்தது. பொதுத் துளைக்குள் தடுப்பு வைத்து, ஒன்றை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வழி கிடைக்கும்படி செய்தார் அவர். வால்வும் அதேதான், சிசியும் அதேதான். கார் மற்றவற்றை அவ்வளவு தூரம் முந்தியதால், அந்த உத்தியையே தடை செய்யும்படி விதிகள் மாற்றப்பட்டன. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் படித்தவர், எல்லோர் கண்முன்னும் முப்பது ஆண்டுகளாக இருந்த ஒரு துளையைப் புதிதாகப் பார்த்தார். ஆஸ்டின் செவனின் நெடிய கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

காற்றை உறிஞ்சவிடாமல் ஊதித் தள்ளுவது இன்னொரு வழி. சூப்பர்சார்ஜர் பொருத்திய ஆஸ்டின் செவன்கள் 1929இல் அல்ஸ்டரில் நடந்த டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்தன. அந்தப் பெயரிலேயே அல்ஸ்டர் மாடல் விற்பனைக்கு வந்தது. ஊதி இல்லாத அல்ஸ்டர் 20 குதிரைத்திறனுக்கு மேலும், ஊதியுள்ளது 30க்கு மேலும் கொடுத்தன. 1930இல் புரூக்லாண்ட்ஸ் தடத்தில் நடந்த 500 மைல் பந்தயத்தில் எஸ். சி. எச். டேவிஸும் மார்ச் பிரபுவும் ஓட்டிய ஆஸ்டின் செவன் மணிக்கு 134 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் வென்றது. ஆறு மணி நேரம் அந்தச் சின்ன எஞ்சின் அப்படியே ஓடியிருக்கிறது.

அதை ஓடவைத்தது அதன் அடிப்பாகம். சக்தியைத் தேடும் ஆர்வத்தில் பலரும் கடைசியில் நினைப்பதும் அதைத்தான். சாதாரண ஆஸ்டின் செவனில் நான்கு சிலிண்டர்களின் கிராங்கையும் தாங்குபவை முன்னும் பின்னும் இரண்டே பேரிங்குகள். 1936இல்தான் நடுவில் மூன்றாவது சேர்ந்தது. நடுவே தாங்கல் இல்லாத கிராங்க் வேகத்தில் வளையும். 2400 சுற்றில் பிஸ்டன் உச்சியில் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைவிட 300 மடங்குக்கு மேல். சுற்று 4800 ஆனால் அது இரண்டு மடங்காவதில்லை. நான்கு மடங்காகி 1200ஐத் தாண்டும். பிஸ்டனின் முடுக்கம் சுற்றின் இருமடிக்கு ஏற்றபடி வளர்வதுதான் காரணம். எண்ணெய்யும் அழுத்தத்தில் செலுத்தப்படுவதில்லை. இரண்டு சிறு துளைகளிலிருந்து பீய்ச்சியடிக்கும் எண்ணெய்யைச் சுழலும் கிராங்க் பிடித்துக்கொண்டு கனெக்டிங் ராடின் பேரிங்குக்கு எடுத்துப்போக வேண்டும். அல்ஸ்டருக்கு அழுத்தத்தில் எண்ணெய் செல்லும் கிராங்க் கொடுத்தது இதற்காகத்தான். தண்ணீரும் அப்படியே. பம்ப் கிடையாது, சூடான நீர் தானே மேலேறி, குளிர்ந்த நீர் கீழிறங்குவதை நம்பிய அமைப்பு. எரிந்த வாயு வெளியேறும் துளைகள் ஃபிளாட்ஹெட்டில் பிளாக்குக்குள்ளேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில் ஓடுவதால், சக்தி கூடும்போது பிளாக் ஒரு பக்கம் அதிகமாகக் காயும். சிலிண்டர் வட்டம் கோணலாகும், வால்வு உட்காரும் இடத்தில் விரிசல் விழும்.

ஆகையால் வேலை வரிசை முக்கியம். முதலில் இருப்பதை அளக்க வேண்டும். நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் ஒரே அளவாக இருக்கிறதா, சிலிண்டர் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா, வால்வுகள் முழுமையாக உட்காருகின்றனவா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த எஞ்சின் முதலில் தந்த பத்தையே தராது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதே பெரிய மேம்பாடு. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக ஊசிக்குழாயால் எண்ணெய் ஊற்றி, நான்கு அறைகளிலும் எத்தனை சிசி பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து கிராங்க். நூறு வயதை ஒட்டிய எஃகில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். காந்தத் துகள் சோதனை அதைக் காட்டிவிடும். நல்ல எஃகில் புதிதாகச் செய்த கிராங்குகளும் ஆஸ்டின் செவன்காரர்களுக்கு இன்று கிடைக்கின்றன. பிறகு எண்ணெய், தண்ணீர். அதன் பின் ஹெட், அதற்குப் பின் துளைகள், எல்லாம் முடிந்த பிறகே கேமும் கார்புரேட்டரும். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது. நிதானமாக இப்படிச் செய்தால் சாலையில் நம்பி ஓட்டக்கூடிய எஞ்சினிலிருந்து இருபதை ஒட்டிய குதிரைத்திறன் கிடைக்கும்.

அதற்கு மேல் வேண்டும் என்றவர்கள் வால்வுகளை இடம் மாற்றத்தான் வேண்டியிருந்தது. 1936இல் முர்ரே ஜேமிசன் ஆஸ்டினுக்காக வடிவமைத்த 744 சிசி பந்தய எஞ்சினில் வால்வுகள் ஹெட்டுக்குப் போயின; மேலே இரண்டு கேம் ஷாஃப்டுகள். சூப்பர்சார்ஜருடன் அது 100 குதிரைத்திறனைத் தாண்டியது. செவனின் எஞ்சினை நம்பி ஓடிய சாதாரணச் சாலை வண்டிகளில் அந்த மாற்றம் நடக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. ஆஸ்டின் கைவிட்ட அந்த ஃபிளாட்ஹெட் எஞ்சினை, ரிலையன்ட் என்ற ஆங்கிலக் கம்பெனி தன் மூன்று சக்கர வண்டிகளுக்காகத் தானே தயாரித்துப் பொருத்திவந்தது. 1962இல் அந்தக் கம்பெனி அதை நிறுத்திவிட்டு, வால்வுகளை ஹெட்டில் வைத்து, முழுவதும் அலுமினியத்தாலான புதிய எஞ்சினைக் கொண்டுவந்தது. அதன் அளவு 598 சிசி. 747 சிசி ஃபிளாட்ஹெட் செய்த வேலையை அது தாராளமாகச் செய்தது.